மஞ்சள் கோடும் நான்கு அடுக்கு கேக்கும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மஞ்சக்கோடு'. ஒரு போல்ட்டைத் தொட்டால் அதை முழுக்க இறுக்கி முடித்து, அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் அடுத்த போல்ட்டுக்குப் போவார். பிறகு எப்போதாவது அது தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டாளி ஒருவர் டீ குடித்துவிட்டு வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு போல்ட்டைப் பாதியில் விட்டுப் போனார். வந்ததும் மறந்துவிட்டார். மறுநாள் நசுங்கியது அந்தக் கூட்டாளியின் கால்தான். அன்றிலிருந்து இவருக்கு இந்தப் பழக்கம். நல்ல பழக்கம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதெல்லாம் வெளியில். வீட்டில் அவர் எந்தப் போல்ட்டையும் தொடுவதே இல்லை. குளியலறைக் குழாய் தன் இஷ்டத்துக்குச் சொட்டுகிறது. என் கேக் மேசையின் ஒரு கால் மூன்று வருடமாக ஆடுகிறது. "ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்பார். எந்த ஞாயிறு என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டேன். காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவள். பிறந்தநாள், கல்யாண நாள், பணி ஓய்வு, எதுவானாலும். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு விழா மண்டபத்துக்குத்தான் பெரிய கேக்குகள் போகும். அந்த மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டால்தான் எனக்கு மாதம் முழுவதும் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மூன்றடுக்கு கேக்கை எங்கள் சின்னக் காரில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தேன். மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, தூங்கி வழிகிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். இவர் காலுறையைக் கழற்றியபடியே சொன்னார்:

"கேக் தானே? எப்படியும் வெட்டத்தானே போறாங்க?"

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மறக்கிற மாதிரியான வார்த்தையா அது?

குற்றம் காருடையது. அதற்குப் பதினோரு வயது. சக்கரத்தின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் நான்கிலும் எண்ணெய் கசிந்து உயிர் போயிருந்தது. ஒரு வேகத்தடையைத் தாண்டினால் அடுத்த தெரு வரைக்கும் கார் தலையாட்டிக்கொண்டே வரும். இப்படி இருக்கும்போது அதே மேனேஜர் கூப்பிட்டு, சனிக்கிழமை மதியம் ஒரு அறுபதாவது கல்யாண நாள், நான்கு அடுக்கு வேண்டும் என்றார். "ஜாக்கிரதைம்மா" என்றும் சேர்த்துச் சொன்னார். வேன் பேசிப் பார்த்தேன், அன்றைக்கு ஒரு வேனும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

"எதுக்கு ஒர்க்‌ஷாப்பு? நான் போடறேன்" என்றார் இவர். "நாப்பது மாடிக்கு லிஃப்ட்டைத் தொங்க விடறவன், நாலு சக்கரத்தைத் தொங்க விட மாட்டேனா?"

எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், உடனே பக்கவாத்தியம் வாசித்தார். "என் தம்பி கை வச்சா அது அப்படியே நிக்கும்."

மேசைக் கால் ஞாபகம் வந்தது.

அவர் ஆர்டர் போட்ட உதிரிபாக செட் புதன்கிழமை வந்து சேர்ந்தது. காரைச் செய்த கம்பெனியின் அசல் பாகங்கள் அல்ல. வெளியே வேறு யாரோ செய்து விற்பது. நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக், முன் சக்கரங்களைக் காரோடு பிடித்து நிறுத்துகிற இரண்டு இரும்புக் கைகள். அந்தக் கைகளின் மூட்டிலும் ஷாக்கின் அடிமூட்டிலும் கனமான ரப்பர் வளையங்கள் இருந்தன. அவற்றுக்குப் புஷ் என்று பெயர் என்றார். பெட்டிக்குள் ஒரு கெட்டிக் காகிதமும் மடித்துக் கிடந்தது. எப்படிப் பொருத்த வேண்டும் என்று படம் போட்டிருந்த காகிதம்.

"இதைப் படிக்கலையா?"

"படம் பாத்து வேலை செய்ய நான் என்ன ஒண்ணாங் கிளாஸா?"

சரி, கெட்டியான காகிதமாயிற்றே என்று அதை எட்டாக மடித்து என் மேசைக் காலுக்கு அடியில் செருகினேன். மேசை அசையாமல் நின்றது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

வியாழக்கிழமை லீவு போட்டார். கட்டடத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். பதினோரு மணிக்கு முதல் போல்ட் அவரை வம்புக்கு இழுத்தது. துருப்பிடித்து இரும்போடு இரும்பாகிவிட்டிருந்தது. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கினார். போல்ட் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணிக்கு அது உடைந்தது. உடைந்த துண்டை வெளியே எடுக்க ஐந்து மணி ஆயிற்று.

இதற்கு நடுவில் என் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கிரீம் தடவுகிற தட்டைக் கத்தி துரு சுரண்டப் போயிருந்தது. வெண்ணெய் பூசுகிற பிரஷ்ஷில் கிரீஸ். மாவு கலக்குகிற பெரிய கிண்ணத்தில் நட்டும் வாஷரும் மிதந்துகொண்டிருந்தன. கேக்கைச் சுற்றிச் சுற்றி அலங்காரம் செய்கிற என் சுழல்மேடையின் மேல் ஒரு பழைய ஷாக் எண்ணெய் வடித்துக்கொண்டு நின்றது.

"என்னங்க இது?"

"அதைச் சுத்திச் சுத்திப் பாக்க வசதியா இருக்கு" என்றார், முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல்.

எனக்கு வந்த கோபத்தில் சுழல்மேடையை அவர் தலையில் வைத்துச் சுற்றியிருப்பேன். சமையலறைக்கு வந்து சர்க்கரைப் பூவுக்கு இதழ் வெட்ட உட்கார்ந்தேன். ஆறு இதழ் கிழிந்தது. கீழே இரும்பு அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மேலே ஒரு இதழ் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பொருத்துகிற வேலை. நீளத் திருகு இரண்டை இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறித் திருகி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குகிற கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். நழுவினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வந்து ஆளை அடித்துவிடுமாம். கோபமாக இருக்கிறவளுக்குப் பயமும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? தூரத்தில் நின்றுகொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீ பேசாம இருந்தாத்தான் நான் பாக்க முடியும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

நான்கு மணிக்கு முடித்தார். லிஃப்ட் தண்டவாளத்துக்குத் தொங்கவிடுகிற தூக்குக் குண்டு நூலைக் கொண்டுவந்து சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்றுகூடப் பார்த்துவிட்டார். காரைக் கீழே இறக்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, குனியவைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் கோடு. மொத்தம் பன்னிரண்டு. ஒன்றுகூடக் கோணவில்லை. என் சர்க்கரைக் கொடிகூட அவ்வளவு நேராக வராது.

"இதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார்.

கார் கீழே இறங்கியது. பார்த்ததுமே எனக்கு என்னமோ போல இருந்தது. குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட மாதிரி கார் எம்பிக்கொண்டு நின்றது. முந்தின வாரம் ஒத்திகைக்காகச் செய்திருந்த ஈரடுக்கு கேக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனோம். தெரு முனைக்குள்ளேயே தெரிந்துவிட்டது. முன்பாவது கார் தலையாட்டிற்று. இப்போது ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் பலகையால் அடிக்கிற மாதிரி அடித்தது. அடிக்கிற அடிக்கு நடுவில், கீழே ரப்பர் நெறிபடுகிற ஒரு முனகல் வேறு. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டு இரண்டு விரல் விலகி, கிரீம் முழுக்க வெடித்திருந்தது.

"புது ஸ்பிரிங். போகப் போகப் பழகிடும்" என்றார்.

"எவ்ளோ தூரம் போனா?"

"ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்."

"மண்டபம் பதினாலு கிலோமீட்டர்லங்க இருக்கு!"

அப்போது அவர், "கேக்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். மூன்று மாதமாக உள்ளே வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

"சொல்லுங்க. கேக் தானே, வெட்டத்தானே போறாங்க, அதானே? நீங்க செய்யறது மட்டும் வேலை. நான் செய்யறது விளையாட்டு. நாளைக்கு இதுவும் சரிஞ்சா அந்த ஆள் என்னைக் கூப்பிடவே மாட்டான். எட்டு வருஷமா கால் கடுக்க நின்னு சம்பாதிச்ச பேரு. உங்களுக்கு மஞ்சக்கோடு போட்டா முடிஞ்சுபோச்சு!"

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இவர் குனிந்தார். காருக்குக் கீழே டார்ச் அடித்துக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் விலகியிருக்கவில்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. கார் மட்டும் சரியாக இல்லை. அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் இருந்தோம்.

சனிக்கிழமை விடிந்ததும் நான்கு அடுக்கையும் மேசைமேல் ஏற்றினேன். அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே ஏற்றினால் என்ன என்று அண்ணி முன்பே கேட்டிருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே கொடியாகச் சர்க்கரைப் பூ இறங்குகிறது, ஒட்டுப் போட்டால் பல்லைக் காட்டும். கடைசிப் பூவை வைக்கப் போகும்போது மேசை லேசாக ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது. கீழே குனிந்தேன். காலுக்கு அடியில் கொடுத்திருந்த காகிதம் நழுவியிருந்தது. அதை இழுத்து, இன்னொரு மடிப்பு மடிக்கலாம் என்று விரித்தேன்.

படம் இருந்தது. இடது பக்கம், அந்தரத்தில் தொங்குகிற சக்கரம், பக்கத்தில் ஒரு ஸ்பேனர், இரண்டின் மேலும் பெரிய பெருக்கல் குறி. வலது பக்கம், தரையில் நிற்கிற சக்கரம், காருக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அதே ஸ்பேனர், சரி என்று ஒரு குறி. ரப்பர் புஷ் இருக்கும் மூட்டுகளுக்கு மட்டும் அம்புக்குறி போட்டிருந்தது.

இயந்திரம் எதுவும் தெரியாத எனக்கே புரிந்துவிட்டது.

மணி ஏழேகால். பதினொன்றரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். அதைப் படிக்காதது அவர். ஆனால் மேசைக்கு முட்டுக் கொடுத்து ஒளித்துவைத்தது நான். சொன்னால் மறுபடியும் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். சொல்லாவிட்டால் கேக் சரியும். வேறு ஒரு அட்டையை மேசைக் காலுக்குக் கொடுத்துவிட்டுப் போய், அவர் எதிரில் காகிதத்தை வைத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். 'ஏன் இதை மேசைக்குக் கீழ வச்ச?' என்று கேட்பார் என்று பதிலோடு தயாராக நின்றேன். அவர் கேட்கவில்லை.

"லிஃப்ட்ல எல்லாமே தொங்கறதுதான்" என்றார் மெதுவாக. "தொங்கறப்போ டைட் பண்ணாத்தான் அங்க சரி."

"இங்க?"

"தொங்கறப்போ டைட் பண்ணா, ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். கீழ இறக்கினா முறுக்கிக்கிட்டு நிக்கும். வண்டியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங்கை வேலை செய்யவே விடாது." கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்பிரிங் மேல தப்பே இல்ல. எல்லாம் நான் போட்ட கோடு."

எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அது வந்ததில் இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படுகிறவளைக் கோபப்பட விட வேண்டாமா?

கீழே போய், நான்கு சக்கரத்துக்கும் அடியில் கனமான பலகைகளை அடுக்கிக் காரை அதன்மேல் நிறுத்தினார். சக்கரங்கள் தரையில் நிற்கிற மாதிரியே நிற்க வேண்டும், இவரும் கீழே நுழைய வேண்டும். மல்லாந்து படுத்து உள்ளே போனவர் சட்டென்று தலையை வெளியே நீட்டினார்.

"கேக் எவ்ளோ எடை?"

"என்னது?"

"உன் கேக். பெட்டி, அடிப்பலகை எல்லாம் சேத்து. எந்த லோடுக்குன்னு தெரியாம எப்படி டைட் பண்றது?"

எட்டு வருடத்தில் என் கேக்கைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. இனிப்பு சரியா என்றுகூடக் கேட்டதில்லை.

"இருபத்தி ரெண்டு கிலோ."

"சரியாச் சொல்லு."

"சரியாத்தாங்க சொல்றேன். நேத்து நிறுத்தேன்."

இரண்டு பத்துக் கிலோ மாவு மூட்டையும் இரண்டு கிலோ சர்க்கரையும் கேக் வைக்கிற இடத்தில் ஏறின. ஓட்டப் போகிறவள் நான், அதனால் நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர் வருவார், ஆனால் அவர் கீழே கிடக்கிறார். அந்த இடத்துக்கு அண்ணி அழைக்கப்பட்டார்.

"அக்கா, உன் எடை எவ்ளோ?" என்று காருக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"வயசுப் பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியாடா இது?"

"உனக்கு அறுபத்தி மூணு வயசு. எடையைச் சொல்லு."

அண்ணி என் பக்கம் திரும்பி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, என் காதில் சொன்னார். நான் கீழே பார்த்து, "உங்களை விட ரெண்டு கிலோ அதிகம்" என்றேன். அண்ணி என்னைக் கிள்ளினார்.

அவர் சொல்லும்வரை அசையக் கூடாது என்று உத்தரவு. மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்கிற சத்தம் கேட்டது. தளரும்போது ரப்பர் 'டொப்' என்று விடுபட்டது. அவர் வெளியே வந்து காரின் நான்கு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டார். கார் மெல்ல இறங்கி, எப்போதும் நிற்கிற உயரத்துக்கு வந்து அடங்கியது. திரும்ப உள்ளே போய் இறுக்கினார். நாற்பது நிமிடம். அவர் எழுந்து வந்தபோது கையில் அந்தப் பெயின்ட் பேனா இல்லை.

"கோடு போடலையா?"

"போய்ட்டு வந்து போடறேன்."

கோட்டைப் பற்றி இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அண்ணிகூடத் திரும்பிப் பார்த்தார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவர் பக்கத்து இருக்கையில் உடம்பை முழுக்கப் பின்னால் திருப்பிக்கொண்டு, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். முதல் வேகத்தடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். முனகல் இல்லை, அடி இல்லை. நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ரோட்டைப் பாரு" என்றார்.

மண்டபத்தில் மேனேஜர் பெட்டியைத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "வைங்கம்மா" என்றார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வேலை இருக்கிறதா என்று கேட்டார். எனக்குக் கால் இரண்டும் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

கேக் நிற்கிற தாங்கி என்னுடையது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் வெட்டும்வரை இரண்டு பேரும் சுவரோரமாக நின்றோம். அவருடைய நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. அறுபது வருடம் சேர்ந்து வாழ்ந்த அந்தத் தம்பதியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, கையில் கத்தியைக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டத் தயாரானார்கள். இவர் என் தோளை இடித்தார்.

"அதுக்குள்ளயா? இன்னும் யாருமே சரியாப் பாக்கலையே. கொஞ்ச நேரம் கழிச்சு வெட்டச் சொல்லேன்."

மூன்று மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. நான் விடுவேனா?

"கேக் தானேங்க? எப்படியும் வெட்டத்தானே போறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. கத்தி கீழே இறங்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.